நாவல் மரத்து வரைக்கும்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

போன வாரம் நம் மாப்பிள்ளை எஸ்டேட் ஜீப்பைப் பாதி மலையில் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாராம். மேலே இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம். "மனுசனுக்குச் சோறே எறங்கலப்பா" என்று மகள் வந்து சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. பெரியவன் லாரி ஓட்டுகிறான், சின்னவன் பஸ் ஓட்டுகிறான். மூன்று பேரும் ஒரே நாளில் வீட்டில் இருந்தால் உட்கார வைத்துப் பேசிவிடுவேன். அப்படி ஒரு நாள் அமைவதாக இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் எந்தக் கியர், இறக்கத்தில் எந்தக் கியர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதை வண்டியே சொல்லிக் கொடுக்கும். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும், திரும்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் எந்த வண்டியும் சொல்லாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

விருதுநகரில் மிளகாய் வற்றல் லாரி ஓட்டித் தும்மித் தும்மி அலுத்துப்போய், எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்த காலம் அது. ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்திருந்தார். அது என் கைக்கு வந்தது.

பட்டாசு வண்டிக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆணி அடித்த செருப்போடு ஏறக் கூடாது. லோடு இருக்கும்போது வண்டியை ஊருக்குள் விடக் கூடாது. ஊர் என்றால் அடுப்பு இருக்கும், விளக்கு இருக்கும், வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் ஓடிவரும். பசித்தாலும் ஊருக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தி, ஒருவர் காவல் இருக்க மற்றவர் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். இந்தப் பழக்கங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். உங்கள் அப்பன் முழுசாக உட்கார்ந்து இதை எழுதுவதே அவற்றால்தான்.

இன்னொரு பழக்கம் உண்டு. அதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிழைப்பு வெயிலை நம்பிய பிழைப்பு. தீக்குச்சி, பசை தடவிய தாள், மருந்து திணித்த வெடி எல்லாம் களத்தில் காய வேண்டும். வானத்தில் கையகல மேகம் தெரிந்தால் போதும், தெருவில் போகிறவன்கூட யார் வீட்டுக் களம் என்று பாராமல் குனிந்து அள்ளுவான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகப் போகும்.

எங்கள் கம்பெனியில் செல்லையா அண்ணாச்சி வாண மேஸ்திரி. நாரணாபுரத்துக்காரர். திருவிழாக்களுக்கு வானத்தில் விரிகிற பெரிய வாணக் குண்டுகளை அவர் கையால்தான் கட்ட வேண்டும். பழைய விபத்து ஒன்றில் ஒரு கால் வெந்து, அது சரியாக ஊன்றாது. வாய் மட்டும் நன்றாக ஊன்றும். ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

அவருடைய ஒரே மகள் கனகம், அச்சாபீசில் அச்சுக் கல் தேய்க்கிற பையன் ஒருவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்கு மக இல்ல. அவ வாசல நான் மிதிக்க மாட்டேன், என் வாசல அவ மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பையன் கனகத்தைக் கூட்டிக்கொண்டு மேற்கே மலையடியில் இருக்கிற தன் ஊருக்கே போய்விட்டான். அதன் பிறகு அண்ணாச்சி ஒருநாளும் அவள் பேரை எடுத்ததில்லை. ஆனால் மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது, அவர் தூக்குச்சட்டியை மேற்குப் பக்கம் பார்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். வெடிமருந்து அறை வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் கேட்டதில்லை.

அந்த வருசம் பம்பாயில் வேலை கிடைத்து மாப்பிள்ளையும் கனகமும் ஊரை விட்டுப் போகப் போகிறார்கள் என்று சேதி வந்தது. அண்ணாச்சியின் அக்கா நேரே கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"ஏலே செல்லையா, பிள்ள கண் காணாத தேசத்துக்குப் போகுது. ஒரு வார்த்த வான்னு சொல்லு."

"வாயால சொல்ல மாட்டேன்க்கா. ஊரு கேக்க, மக வேண்டாம்னு சொன்னவன். சொன்னா அதுவும் ஊரு பாக்கத்தான் சொல்லணும்."

"அப்ப தண்டோரா போடச் சொல்லுதியா?"

அண்ணாச்சி மேற்கே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சித்திரை பௌர்ணமிக்கு மலை உச்சிக் கோயில்ல கொடை. அன்னைக்குப் பொழுதடையச்சில உச்சியப் பாக்கச் சொல்லு. மானத்துல பச்சப் பூ விரிஞ்சா, அப்பன் மனசு எறங்கிட்டான்னு அர்த்தம். மறுநா புருசனக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு ரயிலேறட்டும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சத் தண்ணி குடுக்கிறத விட்டுட்டு பச்சப் பூ விடுதானாம். உன்ன மாதிரி கிறுக்கன் ஊருக்கு ஒருத்தன் போதும்லே" என்று திட்டினார். ஆனால் அன்றே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் முதலாளி வருசா வருசம் சில்லறை வெடிகள் கொடுப்பார். முதல் நாளே ஆட்கள் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்விடுவார்கள். அண்ணாச்சியின் பெரிய குண்டும், அதை வைத்து விடுகிற கனத்த குழாயும் தலைச்சுமைக்கு ஆகாது. அந்த வருசம் மரம் இறக்குவதற்காக உச்சிக்குப் பக்கம் வரை ஒரு கூப்புப் பாதை வெட்டியிருந்தார்கள். "ஜீப்பு போகுமாலே?" என்று முதலாளி கேட்டார். போகும் என்றேன். நான் அதுவரை மலையில் ஓட்டியதில்லை. ஆனால் போகும் என்று சொல்லுகிற வயசு.

பௌர்ணமி அன்று மத்தியானம் புறப்பட்டோம். நான், அண்ணாச்சி, பின்னால் குண்டுப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காசிம் பாய். காசிம் பாய் எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றி இறக்குகிறவர். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

"டிரைவர் ஏசுவக் கும்பிடுற வேதக்காரரு, அண்ணாச்சி, உங்க சாமி மேல இருக்கு, நான் பின்னால இருக்கேன். மூணு பக்கமும் சொல்லி வச்சாச்சு. யாரு தள்ளிவிடுதாகன்னு பாப்போம்."

"தள்ளுறது இருக்கட்டும், நீ பெட்டிய ஆட்டாத" என்றார் அண்ணாச்சி.

"பெட்டி எங்க ஆடுது? நான்தான் ஆடுதேன். என் எலும்புச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையாக்கும்?"

பாதை என்று சொன்னது மரியாதைக்குத்தான். மரத்தை இழுத்த இடத்தில் மண் கிழிந்து பள்ளமாகியிருந்தது. நடுவில் வேர்களும் பாறையும். ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறினால் மறுபக்கம் காற்றில் நிற்கும். ஏற்றத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் காசிம் பாய் வெறுங்காலோடு குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டை கொடுப்பார். கல் கொடுத்தால் உரசித் தீப்பொறி பறக்கும் என்று கட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். நான் கிளச்சை விட்டுவிட்டுப் பிடிப்பேன். அண்ணாச்சி பாதையைப் பார்க்கவில்லை. மலை விலகி விலகிக் கீழே ஊர் தெரிகிற இடங்களில் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவில் தானாகவே பேசினார். "தம்பி, அந்தப் புளியமரம் ரெண்டும் தெரியுதுல்லா, அதுக்கு அங்கன ஓட்டு வீடு. அதுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"கேட்டு வச்சிருக்கேன்."

பின்னாலிருந்து காசிம் பாய், "வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னாரே தவிர, வாசலப் பாக்க மாட்டேன்னு சொல்லலையே" என்றார். அண்ணாச்சி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில் சமதளம். வண்டி திருப்பக் கூடிய கடைசி இடம் அது. அதற்கு மேலே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் வழுக்கலான களிமண் ஏற்றம். உள்ளே நுழைந்துவிட்டால் உச்சியில்தான் திரும்ப முடியும். நடுவில் மழை பிடித்தால் மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது.

எஞ்சின் ஆறட்டும் என்று மரத்தடியில் நிறுத்தினேன். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது உச்சிக்குப் பின்னாலிருந்து, மலையாளப் பக்கத்திலிருந்து, மேகம் எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது உச்சியை விழுங்கியது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லுமுன் காசிம் பாய் படுதாவை இழுத்துப் பெட்டி மேல் போட்டு, அதன் மேல் படுத்தேவிட்டார். நான் இறங்கி ஓடி ஒரு முனையைப் பிடித்தேன். அண்ணாச்சி இன்னொரு முனையைப் பிடித்தார். களத்தில் வெடி அள்ளுகிற அதே வேகம்.

கட்டி முடித்த பிறகு அண்ணாச்சி, "ஒண்ணும் செய்யாது, போயிருவோம் தம்பி" என்றார்.

அவர் வாய் போகலாம் என்றது. அவர் கை படுதாவின் கயிற்றை இன்னும் விடவில்லை. நான் கையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, மண்ணு நனைஞ்சா வண்டி நிக்காது. மூணு பேரும் பள்ளத்துலதான் கெடப்போம்."

"நனையாதுலே."

"நனைஞ்சா?"

அவர் உச்சி இருந்த இடத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"நான் தோள்ல வச்சுக் கொண்டுபோறேன்" என்றார் காசிம் பாய். "குழாய ஒரு நடை, பெட்டிய ஒரு நடை."

"மழையில மருந்தத் தூக்கிட்டு ஒத்தையில போவியா? பொழுது வேற சாயுது, ஆனை நடமாடுற தடம். என் மகளுக்குப் பூ விடணும்னு உன் மகள நான் தெருவுல நிறுத்தவா? சும்மா இரு பாய்." அண்ணாச்சி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் டிரைவர். நீ சொல்லு."

திருப்பினேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் இன்று என்னை நிறுத்தினாலும் திருப்பத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. உச்சியில் போய்ச் சேர்ந்த டிரைவருக்குப் போனது சரி என்று உச்சியே சாட்சி சொல்லும். திரும்பியவனுக்குச் சாட்சி சொல்ல மழை வர வேண்டும். எனக்கு மழை வரவில்லை.

சரிவில் ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து, ஊர் ஒதுக்குப்புறத்தில் ஓடைக்கரையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். மலை உச்சி கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பின்னால் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. மலைமேல் சாயங்காலம் இப்படி மூடுவதும் விலகுவதும் தினப்படி நடக்கிற காரியம் என்று அந்தப் பாதையில் பலமுறை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேகம் என்றால் அள்ளு என்று பழகியவர்கள் மூன்று பேர் ஒரு வண்டியில் போயிருக்கிறோம். அது விலகுகிறதா என்று பார்த்து உட்கார்ந்திருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உச்சியில் சில்லறை வெடிகள் மினுங்க ஆரம்பித்தன. முதல் நாள் தலைச்சுமையாகப் போன எங்கள் கம்பெனி வெடிகள். ஊருக்குள் ஜனங்கள் கூவுகிற சத்தம் கேட்டது. அந்த ஜனங்களுக்குள் கனகமும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கீழே இருந்து குண்டை விட்டால் என்ன என்று நான் கேட்டேன். "அப்பன் மலையேறி விட்ட மாதிரி இருக்குமாலே?" என்றார் அண்ணாச்சி. "தோப்புக்கும் கூரைக்கும் நடுவுல தீப்பொறியப் போட்டு நான் சமாதானம் சொல்லணுமாக்கும்?"

"அப்ப வாங்க, ஊருக்குள்ள போயிச் சொல்லிட்டுப் போவோம். இந்தா இருக்கு" என்றேன்.

"உள்ள மருந்து இருக்கு. வண்டிய ஊருக்குள்ள விடாத."

"வண்டி இங்கன நிக்கட்டும். நான் மட்டும் நடந்துபோயி…"

"என்னன்னு சொல்லுவ?" என்றார் அண்ணாச்சி. "உன் அப்பன் மேகத்தப் பாத்துப் பயந்து திரும்பிட்டான்னு சொல்லுவியா? வேண்டாம்லே. எடு வண்டிய."

காசிம் பாய் அங்கிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி வந்ததில்லை.

மறுநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வண்டியும் ஆளும் சேதாரமில்லாமக் கொண்டு வந்து சேத்துட்ட. புத்தியுள்ளவன்லே நீ" என்று எல்லோர் முன்னிலும் பாராட்டினார். அப்போது அண்ணாச்சி மருந்து அறை வாசலில், அந்தக் குண்டைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுபோய்த் திரும்பிய குண்டை வைத்திருக்கக் கூடாது, கரைத்துவிட வேண்டும். அதுவும் எங்கள் பழக்கம்தான். நான் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

கனகம் வீட்டுக்கு வரவில்லை. புருசனோடு பம்பாய்க்குப் போய்விட்டாள். அக்கா வந்து அண்ணாச்சியைத் திட்டித் தீர்த்தார். "கடைசி நேரத்துல கல்லா மாறிட்டியேலே" என்றார். அண்ணாச்சி மறுத்துப் பேசவில்லை. நானும் பக்கத்தில் நின்றவன், பேசவில்லை. அவர் வாயை மூடியிருக்கும்போது நான் திறப்பது மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி அறுபதுகளின் நடுவில் காலமானார். சேதி போய், கனகம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. கருமாதி விசேசத்துக்கு நானும் காசிம் பாயும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவள் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டிரைவரண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அந்த வருசம் அப்பா ஏன் மனசு மாறிட்டாக? பச்சப் பூ விடுதேன்னு அத்த கிட்டச் சொல்லிவிட்டுட்டு, விடாமப் போயிட்டாகளே. அன்னைக்கு மத்த வெடியெல்லாம் வெடிச்சுது. பச்ச வரும் வரும்னு கழுத்து நோக நின்னேன்."

"மனசு மாறலம்மா" என்றேன். "புறப்பட்டு வந்தோம். நான்தான் வண்டி ஓட்டுனேன். மேகம் மூடிட்டுன்னு திருப்பிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "வந்தீகளா? எதுவரைக்கும்?"

"நாவல் மரத்து வரைக்கும்."

"பெரிய நாவ மரமா? களிமண் ஏத்தத்துக்குக் கீழ இருக்கே?"

"அதேதான்."

கல்யாணமான புதிதில் அவள் விறகுக்கு அந்த மரத்தடிக்குப் போவாளாம். இடம் நன்றாகத் தெரியும். காசிம் பாயைப் பார்த்து, "அந்தக் காலோடயா?" என்று கேட்டாள். காசிம் பாய் தலையை ஆட்டினார். அழுகையை அடக்க அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்.

கனகம் அழவில்லை. என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. தரையில் சிந்திக் கிடந்த சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நாவ மரத்து வரைக்கும் வந்தாகன்னு ஒரு சொல்லு எனக்கு யாராச்சும் சொல்லியிருக்கலாம்லண்ணே. பச்ச எதுக்கு? அது போதுமே. அன்னைக்கு ராத்திரியே நடந்து வந்திருப்பேனே."

மாப்பிள்ளை, நீங்கள் திரும்பியது சரியா தப்பா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருந்தது, என் கையில் இல்லை. ஆனால் மேலே உங்கள் வண்டியை எதிர்பார்த்து யாரோ நின்றிருப்பார்கள். கேலி செய்தவர்களைச் சொல்லவில்லை, பேசாமல் நின்றவர்களைச் சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது அவர்களைத் தேடிப் போய், எதுவரைக்கும் வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் இதையே சொல்கிறேன். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தாவது போங்கள். யார் வேண்டாம் என்று தடுத்தாலும் போங்கள்.

இன்றைக்கு ராத்திரியாவது மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்லம்மா.

உங்கள் அப்பா